“கடன் கிடைத்தால் கிரயம்”: ஷரத்து நிறைவேறாவிட்டால் அட்வான்ஸ் யாருக்கு?

கேள்வி:

தஞ்சாவூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சொந்த வீடு வேண்டும் என்ற ஆசையில், தெரிந்தவர் மூலம் ஒரு பழைய வீட்டை 48 லட்ச ரூபாய்க்கு விலை பேசினேன். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பதிவு செய்யவில்லை. அதில் உள்ள முக்கியமான ஷரத்து இது:

“வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கும் பட்சத்தில், விற்பவர் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றி, தம் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் பெற்றுக் கொடுத்த பின், மூன்று மாதத்துக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் முடித்துக்கொள்ள வேண்டியது. தவறினால் முன்பணம் திரும்பத் தரப்படமாட்டாது.”

மறுவாரமே வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தேன். சம்பளக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் வங்கியின் வக்கீல், “பட்டா இன்னும் விற்பவரின் காலமான அப்பா பெயரில் இருக்கிறது, தங்கையின் பங்கும் தீரவில்லை” என்று எழுதிவிட்டார். அதனால் கடனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விற்பவரிடம் பலமுறை சொன்னேன். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றார். மூன்று மாதம் முடிந்த மறுநாளே, “கெடு தாண்டிவிட்டது, உங்களுக்குக் கடனும் கிடைக்கவில்லை, அட்வான்ஸ் போனது போனதுதான்” என்கிறார். கூடுதல் விலைக்கு வேறு ஆளிடம் பேசுகிறார் என்றும் கேள்விப்படுகிறேன்.

1. கடன் கிடைக்காததால் ஒப்பந்தமே இல்லாமல் போய்விட்டதா?
2. என் 5 லட்சம் போய்விட்டதா?
3. வீட்டை எனக்கே எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா?

— வாசகர், தஞ்சாவூர்

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை ஆவணங்களோடு நிரூபிக்க முடிந்தால், உங்கள் பணம் போகவில்லை. ஒப்பந்தமும் உயிரோடுதான் இருக்கிறது. வீட்டைக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதில் தங்கையின் கையெழுத்து பெரிய கேள்வி. மூன்றுக்குமே நீங்கள் காலம் கடத்தக் கூடாது. இனி விவரமாகப் பார்ப்போம்.

ஒப்பந்தம் எப்போது பிறக்கிறது, கடமை எப்போது தொடங்குகிறது

கையெழுத்துப் போட்டவுடன் எல்லாக் கடமையும் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷரத்து நிறைவேறாதவரை எந்தக் கடமையும் கிடையாது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 31 முதல் 36 வரையுள்ள பிரிவுகள், “இன்னது நடந்தால் இன்னது செய்வேன்” என்ற வகை ஒப்பந்தங்களைப் பற்றியவை. 32-ஆம் பிரிவு சொல்வது இது: எந்த நிகழ்வைச் சார்ந்து ஒப்பந்தம் போடப்பட்டதோ, அது நடக்கும்வரை அதை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அந்த நிகழ்வு நடக்கவே முடியாது என்றாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது. ஒருவர் தன் குதிரையை ஏற்கெனவே வேறொருவருக்கு விலை சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வேண்டாம் என்று சொன்னால் உனக்குத் தருகிறேன் என்று மூன்றாமவரிடம் ஒப்பந்தம் போடுகிறார். முதல் ஆள் வேண்டாம் என்று சொல்லும்வரை மூன்றாமவர் குதிரையைக் கேட்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, குதிரைக்காரர் ஏற்கெனவே கட்டுப்பட்டுவிட்டார் என்பது. குதிரையை ஒப்படைக்கும் கடமைதான் இன்னும் தொடங்கவில்லை. உங்கள் ஒப்பந்தமும் இப்படித்தான். கையெழுத்திட்ட அன்றே நீங்கள் இருவரும் கட்டுப்பட்டீர்கள். 43 லட்சம் கொடுக்கும் உங்கள் கடமையும், கிரயம் எழுதித் தரும் அவர் கடமையும் மட்டும் ஷரத்துகள் நிறைவேறுவதற்காகக் காத்திருக்கின்றன. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: ஒப்பந்தம் இருக்கிறது.

ஒரே வாக்கியத்துக்குள் மூன்று ஷரத்துகள்

உங்கள் ஷரத்தை எழுதியவர் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார். வழக்கு வந்தால் நீதிமன்றம் அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கும்.

முதலாவது, வங்கிக் கடன். அது மூன்றாமவரின் முடிவு. நீங்கள் நேர்மையாக விண்ணப்பித்து, கேட்ட ஆவணங்களை எல்லாம் கொடுத்து, அதன் பிறகும் வங்கி மறுத்தால் அது உங்கள் தவறாகாது.

இரண்டாவது, பட்டா மாற்றமும் விடுதலைப் பத்திரமும். இவை யார் செய்ய வேண்டியவை என்று ஷரத்திலேயே எழுதியிருக்கிறது: “விற்பவர்”. எப்போது என்பதும் எழுதியிருக்கிறது: “பெற்றுக் கொடுத்த பின்” நீங்கள் பாக்கியைச் செலுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் எதற்குப் பின் எது என்று வரிசை சொல்லப்பட்டிருந்தால் அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஒருவர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், மற்றவர் அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று குறை சொல்ல அவருக்கு உரிமை இல்லை, இழப்புக்கு ஈடும் தர வேண்டும் என்கிறது 54-ஆம் பிரிவு. கல்கத்தாவிலிருந்து மொரீஷியஸுக்குச் சரக்கு ஏற்றிப் போகக் கப்பலை வாடகைக்குப் பேசியவர், தான் தர வேண்டிய சரக்கையே தராவிட்டால், கப்பல் ஏன் புறப்படவில்லை என்று கப்பல்காரரைக் கேட்க முடியாது. இதுவும் சட்டத்திலேயே உள்ள உதாரணம்தான்.

மூன்றாவது, மூன்று மாதக் கெடு. அது தனியாக நிற்கும் கெடு இல்லை. விற்பவர் தன் பங்கை முடித்தால்தான் அந்தக் கெடுவுக்குள் நீங்கள் பணம் கட்ட முடியும். அவர் செய்யாமல் கெடுவை மட்டும் ஓடவிட்டு, முடிந்த மறுநாள் வந்து நிற்பதைச் சட்டம் ஏற்காது.

உங்கள் விஷயத்தில் முதல் ஷரத்து நிறைவேறாததற்குக் காரணமே இரண்டாவதுதான். கடன் உங்கள் சம்பளத்தாலோ பழைய பாக்கியாலோ நிற்கவில்லை. பட்டாவும் பங்கும் தீராததால் நின்றது. அதை எழுதியிருப்பவர் வங்கியின் வக்கீல். அவர் உங்கள் ஆளும் இல்லை, விற்பவரின் ஆளும் இல்லை. அந்தக் கருத்துரையின் நகல்தான் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம். வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

தடுத்தவரே பலன் பெற முடியாது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொத்து விற்பனை வழக்குகளில் அதிகம் எழும் வாதம் இது.

டெல்லியில் அரசு குத்தகைக்கு விட்ட மனையில் கட்டிய ஒரு வீட்டை அதன் உரிமையாளரான ஒரு பெண்மணி விற்க ஒப்பந்தம் போட்டார். விற்பனைக்குத் தலைமை ஆணையரின் அனுமதி வேண்டும். அதை இரண்டு மாதத்துக்குள் விற்பவர்தான் பெற வேண்டும் என்பது ஷரத்து. அவர் விண்ணப்பித்தார். பிறகு அந்த விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். வாங்குபவர்கள் வழக்குப் போட்டபோது, “அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம், அனுமதிதான் கிடைக்கவில்லையே” என்பது அவர் வாதம். சந்த்னீ வித்யாவதி மதன் எதிர் கத்தியால் என்ற அந்த வழக்கில், 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. விற்கச் சம்மதித்தவருக்கு, விற்பனை நிறைவேறத் தேவையான அனுமதிகளைக் கேட்டுப் பெற முயலும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அதைச் செய்யாமல் இருந்துவிட்டு ஷரத்து நிறைவேறவில்லை என்று தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் இதே நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு தரப்பு மற்றவரைத் தன் பங்கைச் செய்யவிடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், நட்டஈடும் கேட்கலாம். தேர்வு தடுக்கப்பட்டவருடையது. உங்கள் வழக்கில் அது நீங்கள்.

இந்த நியாயம் உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள். கடனுக்கே விண்ணப்பிக்காமல் இருந்தவர், சம்பளச் சான்றைக் கொடுக்காமல் இழுத்தடித்தவர், “கடன் கிடைக்கவில்லை, அட்வான்ஸைக் கொடு” என்று கேட்டால் அவருக்கும் நீதிமன்றத்தில் இடம் இருக்காது.

அட்வான்ஸ் விஷயம்

“தவறினால் முன்பணம் திரும்பத் தரப்படமாட்டாது” என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விற்பவர் நினைக்கிறார். “தவறினால்” என்பதற்குப் பொருள், வாங்குபவர் தவறினால் என்பது. தவறு விற்பவருடையது என்றால் அந்த வரிக்கு வேலையே இல்லை.

உங்கள் மேலேயே தவறு என்று வைத்துக்கொண்டாலும் முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ள அவருக்குத் தானாக உரிமை வந்துவிடாது. 74-ஆம் பிரிவின்படி நியாயமான ஈட்டுத் தொகைக்கு மேல் போக முடியாது. ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப் பணமாகக் கொடுத்த 1,000 ரூபாயை மட்டும் விற்பவர் வைத்துக்கொள்ள அனுமதித்தது. விலையின் ஒரு பகுதியாகப் பெற்ற 24,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய அனுமதிக்கவில்லை. கைலாஷ் நாத் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில் 2015-இல், வாங்குபவர் ஒப்பந்தத்தை மீறாதபோது உறுதிப் பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று திருப்பித் தரச் சொன்னது.

ஷரத்து யார் தவறும் இல்லாமல் நிறைவேற முடியாமல் போனால் என்ன ஆகும்? அப்போது 32-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகும். 65-ஆம் பிரிவின்படி, அதன் கீழ் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த வழியில் பார்த்தாலும் உங்கள் 5 லட்சத்தின் மேல் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகம். வாங்குபவர் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே, விற்பவரின் பங்கு அளவுக்கு, ஒரு பொறுப்பு ஏற்படுகிறது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55(6)(b) பிரிவு சொல்கிறது. வாங்குபவர் நியாயமில்லாமல் கிரயத்தை மறுக்காதவரை அது நிற்கும். வழக்கில் இதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வீடு கிடைக்குமா?

1963-ஆம் ஆண்டின் குறித்த வகைப் பரிகாரச் சட்டப்படி, ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போடலாம். 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாங்குபவரின் நிலை வலுவாகியிருக்கிறது. ஆனால் 16(c) பிரிவு உங்களிடம் ஒன்றை எதிர்பார்க்கிறது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும்.

மதுரையில் 1978-இல் ஆறு மாதக் கெடுவோடு ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டவர், கெடு முடிந்த பிறகும் நெடுநாள் சும்மா இருந்துவிட்டு, மொத்தத்தில் இரண்டரை ஆண்டு கழித்து வழக்குக்கு வந்தார். நகரத்துச் சொத்தின் விலை அதற்குள் பல மடங்கு ஏறிவிட்டது. கே.எஸ். வித்யானந்தம் எதிர் வைரவன் என்ற அந்த வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வீட்டை எழுதித் தரச் சொல்ல மறுத்துவிட்டது. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூன்று ஆண்டு என்பது சட்டத்தின் எல்லை. அதற்குள் நீங்கள் காட்டும் சுறுசுறுப்பைத்தான் நீதிமன்றம் எடைபோடும்.

கடன் ஷரத்து உங்கள் பாதுகாப்புக்காகப் போடப்பட்டது. நீங்கள் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம். நகையை வைத்தோ, வேறு வழியிலோ 43 லட்சத்தைத் திரட்ட முடிந்தால், “கடனுக்காகக் காத்திருக்கவில்லை, பணம் தயார்” என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்போது “உங்களுக்குக் கடன் கிடைக்கவில்லை” என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஆனால் பட்டா, பங்கு இரண்டும் தீராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

தங்கையின் கையெழுத்துதான் சிக்கலானது. விற்பவர் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருவதாகவும், அப்பா உயில் எழுதாமல் காலமானதாகவும், வீடு அவர் சுயமாகச் சம்பாதித்ததாகவும் இருந்தால், மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. அவர்கள் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அவர்களை நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. தங்கை மறுத்துவிட்டால் விற்பவர் தன் பங்கை மட்டும்தான் தர முடியும். பாதி வீடு வாங்கி வழக்கில் வாழ்வதைவிட, பணத்தையும் நட்டஈட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வருவது பல குடும்பங்களுக்கு நிம்மதி. வீட்டையும் பணத்தையும் ஒரே வழக்கில் மாற்றுப் பரிகாரமாகக் கேட்கலாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதை மனுவில் எழுதாவிட்டால், குறித்த வகைப் பரிகாரச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதைத் தராது. வக்கீலிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

பதிவு செய்யாத ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாததால் கதை முடிந்தது என்று பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கான ஹேமலதா எதிர் கஸ்தூரியில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் பதிவு இல்லாததால் வில்லங்கச் சான்றில் உங்கள் ஒப்பந்தம் தெரியாது. ஒப்பந்தம் இருப்பதே தெரியாமல், நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வேறொருவர் வாங்கிவிட்டால் வீடு உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஆகவே அந்தப் புது ஆள் யார் என்று தெரிந்தால் அவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். தெரிந்தே வாங்கினார் என்றால் அவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். கையெழுத்திட்ட நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம் என்பதால், விற்பவர் சமரசத்துக்கு வந்தால் முதல் வேலையாக சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: கடனுக்கு விண்ணப்பித்த தேதி, வங்கி நிறுத்தி வைத்த காரணம், விற்பவர் முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள், அவற்றை முடிக்க நியாயமான ஒரு கெடு. நீங்கள் தயாராக இருப்பதைத் தெளிவாக எழுதுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்திருங்கள். அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் வழக்கு. வழக்குக்கு முன் சமரசம் பேச விரும்பினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

இனி ஒப்பந்தம் போடும் எல்லோருக்கும்

இந்தச் சண்டை முழுவதும் ஒரு மோசமான வாக்கியத்தால் வந்தது. அதே விஷயத்தை இப்படி எழுதியிருக்கலாம்:

“(அ) விற்பவர், இன்ன தேதிக்குள் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றி, தங்கையின் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைப் பெற்று, நகலை வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். (ஆ) ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வாங்குபவர் 35 லட்ச ரூபாய்க்குக் குறையாத வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் பெற வேண்டும். (இ) (அ) நிறைவேறாவிட்டால் விற்பவர் முன்பணத்தை வட்டியுடன் 15 நாட்களில் திருப்பித் தர வேண்டும். (ஈ) வாங்குபவர் முறையாக விண்ணப்பித்தும் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும். (உ) கடன் ஷரத்தை வாங்குபவர் மட்டும் எழுத்து மூலம் விட்டுக்கொடுக்கலாம்.”

எந்த வேலை யாருடையது, எப்போதிலிருந்து எப்போதுவரை, எது நடந்தால் நிறைவேறியதாகக் கொள்வது, நடக்காவிட்டால் பணம் யாருக்கு, யார் விட்டுக்கொடுக்கலாம் என்ற ஐந்துக்கும் இதில் பதில் இருக்கிறது. “கடன் கிடைத்தால்” என்று மட்டும் எழுதினால் எவ்வளவு கடன், எந்தத் தேதிக்குள் என்ற சண்டை வரும். “எனக்குத் திருப்தியானால்” என்பது போன்ற ஷரத்தை எழுதவே வேண்டாம். ஒருவரின் விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது கடினம்.

இந்து மைனருக்குத் தனியாகச் சொந்தமான அசையாச் சொத்து என்றால், இயற்கைக் காப்பாளர் அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கும் அனுமதி மனுவை யார், எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்பதை எழுதிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை எழுதித் தருபவர் அவசரப்படுத்தினாலும், தரகர் “இன்றைக்கே முடித்துவிடலாம்” என்றாலும், ஷரத்துப் பகுதியை ஒருமுறை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகப் படியுங்கள். யார் செய்ய வேண்டும் என்று தெரியாத ஒரு வரி இருந்தாலும், அதைத் திருத்தி எழுதிப் பதிவு செய்யும்வரை அட்வான்ஸைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.